வீட்டுத் தோட்டத்தில் விதை வெங்காயம்



சின்ன வெங்காயச் செய்கையில் ஒரு போகத்துக்குச் செலவிடும் பணத்திற் பெரும் பகுதி விதைக்கே போகின்றது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஒரு கைப்பிடி விதை போதும். வெங்காயம் அவ்வாறன்று. உண்ணும் குமிழே விதையாகவும் இருப்பதால், சந்தையில் வெங்காய விலை ஏறும்பொழுது விதையின் விலையும் உடன் ஏறுகின்றது. 2023 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் இந்தியா தனது வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 ஆம் ஆண்டு மே மாதத்திலேயே அத்தடை நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் வெங்காயம் விற்ற விலையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய வேளையிற் கடன்பட்டு விதை வாங்கி நடுபவர், அறுவடைக் காலத்தில் விலை இறங்குமாயின் இட்ட முதலையும் இழக்க நேரிடும்.

விலை ஒருபுறமிருக்க, வாங்கிய விதையுடன் நோயும் வந்து சேரலாம். வெங்காயத்தைத் தாக்கும் கொடிய நோய்கள் சில குமிழிலேயே தங்கியிருந்து அடுத்த பயிருக்குத் தொற்றுகின்றன. எந்த நிலத்தில் விளைந்தது, அங்கே பயிர் எவ்வாறு நின்றது என்று அறியாத விதையை நடுவது, அறியாத கிணற்று நீரைக் குடிப்பது போன்றதாகும்.

இவ்விரு தீங்கிலிருந்தும் தப்புவதற்கான வழி உங்கள் வீட்டு வளவிலேயே உண்டு. கறிக்கென ஒரு பாத்தி வெங்காயம் நடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கின்றது. அந்தப் பாத்தியை விதைப் பாத்தியாகப் பேணினால், கறிக்கும் வெங்காயம் கிடைக்கும். அடுத்த போகத்துக்கு நம்பத்தக்க விதையும் கிடைக்கும். அதனைச் செய்யும் முறையை இங்கே படிப்படியாகக் கூறுவோம்.

பயிரின் இயல்பு

நட்ட ஒரு குமிழைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே ஒன்றன்று, பல முளைகள் தனித்தனி வளையங்களாகத் தெரியும். நட்டபின் ஒவ்வொரு முளையும் தனித்தனியே தாள் விட்டு, அடியிற் பருத்து ஒரு குமிழாகின்றது. ஆகவேதான் ஒரு விதையிலிருந்து பல குமிழ்கள் கொண்ட கொத்து விளைகின்றது. நட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 60 முதல் 75 நாட்களிற் பயிர் முற்றிவிடும்.

வெங்காயம் குமிழ் வைப்பது பகற்பொழுதின் நீளத்தைப் பொறுத்தது. நம் நாட்டிற் பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமே நீடிக்கும். நம் சின்ன வெங்காயம் இக்குறுகிய பகலுக்குப் பழகியது. குளிர் நாடுகளிற் கோடைக்கால நீண்ட பகலுக்கென உண்டாக்கப்பட்ட இனங்களை இங்கு நட்டால் தாள் மட்டும் வளரும், குமிழ் திரளாது. எனவே யாழ்ப்பாணத்து உள்ளூர் வெங்காயம், வேதாளன் முதலியனவாக உங்கள் பகுதியிற் பழகிய இனத்தையே தெரிவு செய்யுங்கள்.

நடுங் காலம்

விதைக்கென நடும் வெங்காயம் வரட்சியான காலத்தில் முற்ற வேண்டும். இது முதல் விதி. மழையில் முற்றிய குமிழ் நீர் கோத்திருக்கும், சேமிப்பில் அழுகும். வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் நட்டால் பங்குனியிற் பிடுங்கலாம். அப்பங்குனி விதையைச் சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ நட்டால் ஆடியிற் பிடுங்கலாம். பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையிலுள்ள இரண்டு மாத ஓய்வு விதைக்கு மிகப் பொருத்தமானது. ஆடியிற் பிடுங்கியதைத் தை வரை 5 முதல் 6 மாதம் வைத்திருக்க வேண்டியிருப்பதால், காய்ந்து குறைவதற்கும் அழுகிக் கழிவதற்கும் ஈடாகத் தேவைக்குக் கூடுதலாகவே சேமித்தல் நன்று.

நிலமும் பாத்தியும்

நீர் தேங்காத, பொருபொருத்த மண் வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும், திருகோணமலை, கற்பிட்டிப் பகுதிகளின் மணற்பாங்கான மண்ணும் வெங்காயத்துக்கு ஏற்றவை. களித்தன்மை மிகுந்த மண்ணாயின் நன்றாக உக்கிய எருவைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். தென்னை, மா முதலியவற்றின் நிழல் விழும் இடத்தை விலக்குங்கள். நாளின் பெரும்பகுதி வெயில் படாத பாத்தியிற் குமிழ் திரளாது.

சென்ற போகத்தில் வெங்காயம் நின்ற இடத்தில் இம்முறை விதைப் பாத்தி அமைத்தலாகாது. பயறு, கௌபி, நிலக்கடலை ஆகியவற்றுள் ஒன்று நின்ற இடம் சிறந்தது. நெல்வயலின் ஓரத்தில் மேடான துண்டு உங்களுக்கு இருக்குமாயின், நெல் அறுவடைக்குப் பின் அதனையும் பயன்படுத்தலாம். நீர் நின்ற வயலில் வெங்காயத்தை அழுகச் செய்யும் பங்கசுகள் சில குறைந்திருக்கும்.

மண்ணை ஓர் அடி ஆழத்துக்கு இரு முறை கொத்திப் புரட்டிச் சில நாட்கள் வெயிலில் ஆறவிடுங்கள். பின்னர் கட்டிகளை உடைத்து, 3 அடி அகலமும் 10 அடி நீளமுமான பாத்தி அமையுங்கள். மழை எதிர்பார்க்கப்படும் காலத்திற் பாத்தியை 6 அங்குலம் உயர்த்தி, இருபுறமும் வடிகால் விட வேண்டும். வரண்ட காலத்தில் வரம்பு கட்டிய தட்டைப் பாத்தியே போதும். ஒரு பாத்திக்கு ஏறக்குறைய 5 கிலோகிராம் உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு இட்டுக் கலந்துவிடுங்கள். உக்காத பச்சை எருவை இடுதல் கூடாது. அது அழுகலையும் புழுவையும் அழைத்துவரும்.

விதையைத் தெரிதல்

முதன்முறை விதையை வெளியிலிருந்தே பெற வேண்டியிருக்கும். விற்பவரின் தோட்டத்தைப் பயிர் நிற்கும்போதே சென்று பார்த்து, அங்கே நோயில்லை என்று கண்டபின் வாங்குதல் உத்தமம். பிடுங்கி ஏறக்குறைய 2 மாதம் சென்ற விதையே நடுவதற்கு உரியது. அண்மையிற் பிடுங்கியது உறக்கத்தில் இருக்கும். நட்டால் ஒன்று முளைக்கும், ஒன்று முளையாது. இதனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு குமிழை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளிருக்கும் பச்சை முளை குமிழின் உயரத்திற் பாதியைக் கடந்திருந்தால் அவ்விதை நடுகைக்கு ஆயத்தமாகிவிட்டது என அறியலாம்.

குமிழ் முக்கால் அங்குலம் அளவு குறுக்களவுடைய நடுத்தரமானதாக, கையால் அழுத்தும்போது கெட்டியாக, தோல் பளபளப்பாக இருக்க வேண்டும். மிகச் சிறியது வலிமையற்ற பயிரைத் தரும். மிகப் பெரியது பல தாள்களாகப் பிரிந்து சிறு குமிழ்களையே தருவதுடன், எடையிலும் கூடுதலாகச் செலவாகும். கழுத்து மென்மையானவை, கரும்பொடி படிந்தவை, வேர்த்தட்டில் வெண்பூஞ்சணம் உள்ளவை ஆகியவற்றைத் தயக்கமின்றி விலக்கிவிடுங்கள்.

நடுகை

நடுவதற்கு முதல்நாள் பாத்திக்கு நீர் பாய்ச்சுங்கள். காய்ந்த தாள்நுனியையும் உதிரும் தோலையும் நீக்கி, வேர்ப்பக்கம் கீழாக, குமிழின் கழுத்து மண்மட்டத்தில் நிற்குமாறு விரலால் அமிழ்த்தி நட வேண்டும். ஆழப் புதைத்தால் அழுகும். மேலோட்டமாக வைத்தால் வேர் குமிழையே வெளியே தள்ளிவிடும். வரிசைக்கு வரிசை 4 அங்குலமும் விதைக்கு விதை 4 அங்குலமும் இடைவெளி விடுங்கள். இவ்வளவில் ஒரு பாத்திக்கு 9 வரிசையும், வரிசைக்கு 30 விதையுமாக 270 விதை கொள்ளும். ஒரு கிழமைக்குள் முளை வெளிப்படும். முளைக்காத இடத்தைத் தோண்டிப் பாருங்கள். அழுகியிருந்தால் அக்குமிழையும் சூழ இருந்த மண்ணையும் எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள்.

நீரும் பசளையும்

வெங்காய வேர் ஆழமாகச் செல்வதில்லை. ஆகவே ஒரே நாளிற் பெருக விடுவதிலும், அளவாக அடிக்கடி விடுவதே பயன்தரும். முதல் இரண்டு கிழமை ஒன்றுவிட்ட ஒருநாளும், பின்னர் செம்மண்ணில் 3 அல்லது 4 நாட்களுக்கு ஒரு முறையும் பாய்ச்சலாம். மணல் நிலத்துக்கு இன்னும் அடிக்கடி தேவைப்படும். குமிழ் திரளும் பருவத்தில், அதாவது நட்ட ஐந்தாங் கிழமை முதல் எட்டாங் கிழமை வரை, மண் வரண்டு வெடிக்க விடலாகாது. மாலையில் தாளின் மேல் நீர் தெளிப்பதைத் தவிருங்கள். இரவு முழுவதும் நனைந்திருக்கும் தாளில் நோய் எளிதிற் பற்றும்.

இரசாயனப் பசளையின் அளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து இடுங்கள். ஆனால் எந்த நிலத்துக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாடு உண்டு: நட்ட ஆறாங் கிழமைக்குப் பின் யூரியா இடுதல் கூடாது. பிந்தி இட்ட யூரியா தாளைக் கரும்பச்சையாக்கிக் கண்ணை மகிழ்விக்கும். கழுத்தைத் தடிக்கச் செய்து, குமிழ் முற்றுவதையும் தாமதப்படுத்தும். அவ்வாறு தடித்த கழுத்து காயாது. காயாத கழுத்து வழியாகவே அழுகல் உட்புகும். மேலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல். அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியா நீருடன் கீழிறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்கின்றது. அதே கிணற்றிலிருந்துதான் குடிநீர் அள்ளுகின்றோம். பச்சிளங் குழந்தைகளுக்கு நைத்திரேற்று மிகுந்த நீர் பெருந் தீங்கு விளைக்கும் என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

களை

வெங்காயத் தாள் நிலத்தை மூடாது. ஆதலாற் களை விரைவில் மேலோங்கிவிடும். இரண்டாங் கிழமையிலும் நான்காங் கிழமையிலும் கையாற் களை பிடுங்குங்கள். குமிழ் திரளத் தொடங்கியபின் ஆழக் கொத்தினால் வேர் அறும், குமிழ் காயப்படும். காயம்பட்ட குமிழ் சேமிப்புக்கு உதவாது. வரிசைகளுக்கிடையே மெல்லிதாக வைக்கோல் பரப்பினாற் களை குறையும், ஈரம் நிலைக்கும், மழைத்துளி மண்ணைத் தாளின்மேற் தெறிக்கச் செய்வதும் தடைப்படும்.

பீடையும் நோயும்

தினமும் காலையிற் பாத்தியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வீட்டுத் தோட்டத்துக்குள்ள பெரும் வசதி இதுவேயாகும்.

பனிப்பூச்சி: தாளில் வெள்ளிக் கோடுகள் போன்று தோன்றும். பூச்சி மிகச் சிறியது. உட்தாள் பிரியும் இடுக்கில் ஒளிந்திருக்கும். வரண்ட காலத்திற் பெருகும். காலையில் நீரைச் சற்று விசையுடன் தாளின்மேற் தெளித்துக் கழுவிவிட்டாற் குறையும். பகல் வெயிலில் தாள் காய்ந்துவிடுவதால் இதனாற் நோய் பரவும் அச்சம் இல்லை.

புழு: தாய்ப்பூச்சி தாளில் முட்டைகளைக் குவியலாக இட்டு வெண்மயிரால் மூடும். பொரித்த புழு தாளைத் துளைத்து உட்குழலுக்குள் இருந்து தின்னும். வெளியிற் கண்ணாடி போன்ற வெளிறிய திட்டுகள் தெரியும். முட்டைக் குவியலையும் புழுவுள்ள தாளையும் கையாற் கிள்ளி அழியுங்கள். 270 பயிர் உள்ள பாத்திக்கு இதுவே போதிய பரிகாரம்.

ஊதாப் புள்ளி நோய்: தாளிற் சிறிய வெண்புள்ளியாகத் தொடங்கி, நடுவில் ஊதா நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமும் கொண்டு விரியும். ஈரமான காலத்திற் பரவும்.

இலை முறுகல் நோய்: இதுவே மிகக் கொடியது. தாள் முறுகிச் சுருண்டு வளையும். கழுத்து வழமைக்கு மாறாக நீளும். குமிழ் திரளாது மெலிந்து அழுகும். இதனை உண்டாக்கும் பங்கசு மழைத்தெறிப்பினாற் பயிருக்குப் பயிர் பரவும். விதைக் குமிழினாற் போகத்துக்குப் போகம் பரவும். ஒரு பயிரிற் கண்டவுடன் அதனைக் குமிழுடன் தோண்டி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிடுங்கள். ஈரமான பாத்தியில் நடந்து நோயை மற்றப் பாத்திக்குக் கொண்டுசெல்லாதீர்கள். இந்நோய் கண்ட பாத்தியிலிருந்து ஒரு குமிழைத்தானும் விதைக்கு வைத்தலாகாது. நல்லவை போலத் தோன்றுவனவற்றைக் கறிக்குப் பயன்படுத்துங்கள்.

பீடைநாசினி அவசியமென்று தோன்றினால், நோயுற்ற தாளைக் கையிற் கொண்டுசென்று போதனாசிரியரிடம் காட்டி, அவர் கூறும் மருந்தைக் கூறும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். மருந்து தெளித்தபின் அறுவடைக்கு விடவேண்டிய நாட்களைச் சிட்டையிற் பார்த்துக் கடைப்பிடியுங்கள். வீட்டுத் தோட்டத்திற் குழந்தைகள் விளையாடுவர். வெங்காயத் தாளையும் கறிக்குக் கிள்ளுவர்.

பிடுங்குதலும் உலர்த்தலும்

விதையின் தரத்தை நிலைநிறுத்துவது இறுதி இரண்டு கிழமைகளே. தாள்கள் மஞ்சளித்துக் கழுத்திற் சாயத் தொடங்கியதும் நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடுங்கள். ஏறக்குறைய ஒரு கிழமை கழித்து, பாதிக்கு மேற்பட்ட தாள்கள் சாய்ந்தபின், வெயிலான நாளில் மண்ணை இளக்கிக் கொத்துடன் மெல்லப் பிடுங்குங்கள். விலை நன்றாயிருக்கின்றது என்று முற்றாத வெங்காயத்தைப் பிடுங்கினால் அதனை அன்றே விற்கலாம். விதைக்கு வைக்க இயலாது.

பிடுங்கும்பொழுதே விதையைத் தெரிவு செய்யுங்கள். பல வீடுகளிற் பெரிய, அழகிய வெங்காயத்தைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய சிறியதையும் நலிந்ததையும் விதைக்கு ஒதுக்குகின்றனர். இவ்வழக்கத்தாற் போகத்துக்குப் போகம் விதை இழிந்துகொண்டே போகும். முறை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் விதைக்கு எடுங்கள், பின்பு விற்பனைக்கு, மிஞ்சியது கறிக்கு. நோயற்ற, ஒத்த அளவான குமிழ்கள் கொண்ட, கழுத்து மெலிந்து காய்ந்த கொத்துகளே விதைக்குரியவை.

தெரிந்த கொத்துகளைத் தாளுடன் நிலத்தில் வரிசையாகக் கிடத்துங்கள். ஒரு வரிசையின் தாள் மறு வரிசையின் குமிழை மூடுமாறு அடுக்க வேண்டும். கடும் வெயில் நேரே பட்டாற் குமிழ் வெந்து மென்மையாகும். இரண்டு மூன்று நாட்களின் பின் நிழலான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றி மேலும் ஒரு கிழமை உலரவிடுங்கள். கழுத்தை விரல்களுக்கிடையில் உருட்டும்போது ஈரம் தோன்றாமற் சரசரத்தால் உலர்ந்தது என்று பொருள். இடையில் மழை வருமாயின் உடனே கூரையின்கீழ்ச் சேர்த்துவிடுங்கள்.

சேமிப்பு

உலர்ந்த வெங்காயத்தைத் தாளுடன் சிறு சிறு பிடிகளாகக் கட்டி, விறாந்தையிலோ கொட்டிலிலோ கம்பு கட்டித் தொங்கவிடும் நம் முன்னோரின் முறை இன்றும் சிறந்ததாகும். பிடிகளுக்கிடையே காற்று நுழைய இடம் விடுங்கள். சாரல் படும் இடமும் நேர்வெயில் படும் இடமும் ஆகா. பொலித்தீன் பையில் அடைத்தலும், சீமெந்துத் தரையிற் குவித்தலும் விதையை ஒரு மாதத்துக்குள்ளேயே கெடுத்துவிடக்கூடும். இரு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு பிடியையும் தொட்டுப் பார்த்து, மென்மையானதையும் கரும்பொடி படிந்ததையும் அகற்றுங்கள். அழுகிய ஒரு குமிழை அப்படியே விட்டுவிட்டால் அழுகல் அந்தப் பிடி முழுவதிலும் பரவக்கூடும்.

ஒரு பாத்தியிலிருந்து ஒரு பரப்புக்கு

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பாத்திக்கு 270 விதை. ஒவ்வொன்றும் பல குமிழ்களாகப் பிரிந்தாலும், தெரிவிற் கழிந்ததும் சேமிப்பிற் கழிந்ததும் போக மூன்று மட்டுமே விதைக்குத் தேறியதாகக் கொள்வோம். அவ்வாறாயின் ஒரு பாத்தி அடுத்த போகத்தில் 3 பாத்திக்கு விதை தரும். மூன்றாம் முறை 9 பாத்தி, நான்காம் முறை 27 பாத்தி, ஐந்தாம் முறை 81 பாத்தி நடலாம்.

16 பரப்பு ஓர் ஏக்கர் எனும் கணக்கில், ஒரு பரப்பு ஏறக்குறைய 2,700 சதுர அடி. வரம்புக்கும் வாய்க்காலுக்கும் காற்பங்கு கழித்தால் எஞ்சுவதில் ஏறத்தாழ 67 பாத்தி அமையும். ஆண்டுக்கு இரு போகம் நடுவோர், இன்று 270 விதையுடன் தொடங்கினால் இரண்டு ஆண்டு கழித்து ஐந்தாம் முறை நடும்போது ஒரு பரப்பு முழுவதையும் தமது சொந்த விதையால் நடலாம். ஒவ்வொரு போகத்திலும் விதைக்குத் தேறாத குமிழ்கள் வீட்டுக்கும் விற்பனைக்கும் உதவும். தொடக்கத்தில் மூன்று பாத்தி நடுவோர் ஒரு போகம் முந்திக்கொள்வர். நோய் கண்ட பாத்தியை இக்கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். அதனால் ஒரு போகம் பிந்தினாலும், நோயுற்ற விதையைப் பெருக்குவதிலும் அது மேலானது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. விதை வெங்காயம் வரட்சியான காலத்தில் முற்றுமாறு நடுங்கள்.
2. வெங்காயம் நின்ற நிலத்தில் மீண்டும் உடனே விதைப் பாத்தி அமைக்காதீர்கள்.
3. ஆறாங் கிழமைக்குப் பின் யூரியா இடாதீர்கள். தாள் சாயத் தொடங்கியதும் நீரை நிறுத்துங்கள்.
4. இலை முறுகல் நோய் கண்ட பாத்தியிலிருந்து விதை எடுக்காதீர்கள்.
5. முதலில் விதைக்குத் தெரிவு செய்து, பின்பே விற்பனைக்குக் கொடுங்கள்.
6. நன்கு உலர்த்தி, பிடிகட்டித் தொங்கவிட்டு, இரு கிழமைக்கு ஒருமுறை சோதியுங்கள்.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்துக் கேட்டறியலாம். வரும் போகத்தில் உங்கள் வளவில் ஒரு பாத்தியை இதற்கென ஒதுக்குங்கள்.